சென்னை நகர ஆடுகளங்கள்: நிலமும் பொருளும் உழைப்பும்

முன்னுரை

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் கோட்டை, கோயில், துறைமுகம், வாணிகம் ஆகியவற்றைக் கொண்டு எழுதுதல் வழக்கம். அந்நகர மக்கள் ஓய்வுப் பொழுதில் எங்குக் கூடினர், எங்கு ஆடினர், அவ்விடத்தை அவர்க்கு அளித்தவர் யாவர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஆயினும் நெருங்கிய நகரொன்றில் வீடு கட்டாது, கடை வையாது, ஆடுதற்கென்றே விடப்பட்ட நிலம் தானாக எஞ்சி நிற்பதன்று. யாரோ ஒருவர் அதனை விட்டுவைத்தனர். யாரோ ஒருவர் காத்தனர். அவர் யாவர் என ஆராய்ந்தால் நகரச் சமுதாயத்தின் அமைப்பே ஒருவாறு விளங்கும்.

விளையாட்டிடங்களை அமைப்போரை அரசு, தனியார், தன்னார்வக் கழகத்தார் என மூவகைப்படுத்துதல் இக்கால வழக்கு. அரசு என்பதனுள் மாநில அரசும் மாநகராட்சியும் அடங்கும். இலாபமோ விளம்பரமோ கருதிப் பொருளிடும் நிறுவனத்தாரும், தம் கைப்பொருளைச் செலவிடும் செல்வரும் தனியார் ஆவர். இலாபம் கருதாது கூடி நடத்தும் கழகங்கள், சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் என்பன மூன்றாம் வகையின. இப்பகுப்புப் பயனுடையதே. எனினும் சென்னையின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒரே ஆடுகளத்தில் இம்மூவரும் கலந்து நிற்றலைக் காண்கிறோம். ஆதலின், ‘இதனை அமைத்தவர் யார்?’ என்னும் ஒரு வினாவை நான்காகப் பிரித்தல் வேண்டும். நிலம் யாருடையது? பொருள் யார் தந்தது? நாள்தோறும் உழைப்பவர் யார்? வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் உரிமையுடையவர் யார்? இந்நான்கனுள் இறுதி வினாவே ஆடுவோர்க்கு இன்றியமையாதது என்பதும், நிலம் பொதுவாயிருப்பினும் வாயில் பொதுவாதல் தானே நிகழாது என்பதும் இக்கட்டுரையில் காட்டப்பெறும்.

பழைய ஆடிடங்கள்

தமிழ் நூல்களில் ஆடிடங்களைக் குறிக்கும் சொற்கள் பல உள. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து மணல்திட்டில் நிகழ்ந்த கைப்போரைக் கூறுங்கால் அவ்விடத்தைக் களரி என்கிறது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியதைப் புறநானூற்றிற் காண்கிறோம். குதிரை ஏறிப் பயிலும் வெளி செண்டுவெளி எனவும் வையாளி வீதி எனவும் வழங்கிற்று. பிற்காலத்து ஊர்களில் மந்தை, திடல், ஆற்றுமணல், நீர்வற்றிய ஏரியின் அகம் ஆகியன ஆடிடங்களாயின. சிலம்பக் கூடமும் மல்லர் பயிலும் கோதாவும் ஆசான் ஒருவரைச் சார்ந்து நின்றன.

இவற்றுள் பெரும்பாலானவை ஆட்டத்திற்கென்றே ஒதுக்கப்பட்டவை அல்ல என்பது கருதத்தக்கது. மந்தை மாடுகளுக்குரியது; மாலையில் சிறுவர்க்குரியது. ஏரி நீருக்குரியது, கோடையில் ஆட்டத்திற்குரியது. பல பயன்கள் ஒரே நிலத்தைக் காலத்தாற் பகிர்ந்துகொண்டன. ஆதலின் ஆடிடத்தை ‘வழங்குவோர்’ என ஒரு சாராரைத் தனியே சுட்ட வேண்டிய தேவை அன்று எழவில்லை. நிலம் அளந்து பட்டாவிடப்பட்டு, எஞ்சியது புறம்போக்கு எனப் பெயர்பெற்று, ஒவ்வொரு துண்டிற்கும் ஒரு பயனே உரித்தென்னும் முறை வந்தபின்பே அத்தேவை தோன்றியது.

சென்னைப் பேச்சுவழக்கு இம்மாற்றத்தை நன்கு காட்டுகிறது. பாரசீகச் சொல்லாகிய மைதானம் முன்னரே தமிழில் வந்து கலந்தது. ஆங்கில வழிவந்த ‘கிரவுண்டு’ என்னும் சொல்லோ சென்னையில் இருபொருள் தரும். சிறுவன் சொன்னால் அது விளையாடும் திடல். நிலத்தரகர் சொன்னால் 2,400 சதுர அடி கொண்ட மனை. பின்வரும் வரலாறு முழுவதும் இவ்விரு பொருள்களுக்கு இடையே நிகழ்ந்த இழுபறி எனலாம்.

ஐரோப்பியர் கழகங்கள்

சென்னையில் ஒழுங்குற அமைந்த ஆடுகளங்களை முதலில் ஏற்படுத்தியவர் ஐரோப்பியரே. கிண்டிப் பகுதியில் குதிரைப் பந்தயம் 1777-ஆம் ஆண்டளவிலேயே தொடங்கியது. சென்னைக் கிரிக்கெட் கழகம் 1846-லும், அடையாற்றங்கரையில் படகுக் கழகம் 1867-லும், தீவுத்திடலில் ஜிம்கானா கழகம் 1884-லும் தோன்றின. இவை அனைத்தும் உறுப்பினர் சந்தாவால் நடந்தவை, இலாபம் கருதாதவை. ஆகவே இக்கால வகைப்பாட்டின்படி இவை தன்னார்வக் கழகங்களே. ஆனால், ‘தன்னார்வம்’ என்னும் சொல் நம் உள்ளத்தில் எழுப்பும் பொதுநல எண்ணம் இவற்றிற்கு முழுதும் பொருந்தாது. உறுப்பினராதற்குரியார் யாவர் என்பதைக் கழகத்தாரே முடிவு செய்தனர். நெடுங்காலம் இந்தியர்க்கு அங்கு இடமிருந்ததில்லை.

இக்கழகங்கள் நின்ற நிலம் யாருடையது? சேப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1855-இல் ஆர்க்காட்டு நவாபின் மரபுரிமைப் பட்டம் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர்ச் சேப்பாக்கம் அரண்மனையும் அதனைச் சூழ்ந்த நிலமும் அரசின் கைக்கு வந்தன. அதுவரை தீவுத்திடலில் ஆடி வந்த கிரிக்கெட் கழகம், 1865-இல் சேப்பாக்கத்தில் ஒரு பகுதியைப் பெற்று வேலியிட்டுக்கொண்டது. கிண்டிப் பந்தயத்திடலும் அரசு நிலத்திற் குத்தகையாக நடந்ததே. தீவுத்திடலோ படைத்துறையின் ஆட்சியில் இருந்தது.

எனவே, சென்னையின் பழைய ஆடுகளங்கள் கழகங்களின் முயற்சியால் எழுந்தன என்பது பாதி உண்மையே. நிலம் பொதுநிலம். புல் வளர்த்தலும் கூடம் கட்டுதலும் கழகத்தின் செலவு. வாயிலோ கழகத்தின் தனியுரிமை. பொதுநிலத்திற் போட்ட வேலியே இங்கு நிகழ்ந்த முதன்மையான மாற்றம் ஆகும்.

புச்சிபாபு நாயுடுவின் முயற்சி

இவ்வேலியின் மறுபுறத்தில் நின்று விடை கண்டவர் மோடவரபு வேங்கடமகிபதி நாயுடு. இவர் புச்சிபாபு என்னும் பெயரால் அறியப்பட்டவர், 1868-இல் பிறந்தவர், பாரி நிறுவனத்தின் துபாஷியாக இருந்த குடும்பத்தில், மயிலாப்பூரின் லஸ் பகுதியிலுள்ள பெருமனையில் வளர்ந்தவர். சேப்பாக்கத்தில் இந்திய ஆட்டக்காரர் ஐரோப்பியரோடு ஒரே கூடத்தில் அமரவும் உண்ணவும் இயலாதிருந்தது. ஆடுதற்கு அழைக்கப்பட்டவரும் மரநிழலில் இருக்க வேண்டிய நிலை. இதனைக் கண்டு வருந்திய புச்சிபாபு, 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்னும் கழகத்தை நிறுவினார். கோட்டையை அடுத்த எஸ்பிளனேடுத் திடலில் அக்கழகம் இடம்பெற்றது. ஆட்டக்காரர்க்கு மட்டையும் பந்தும் உடையும் தந்து, இளைஞரைத் தேடிச் சேர்த்துப் பயிற்றியவர் அவரே.

மேற்கூறிய நான்கு வினாக்களை இங்கும் கேட்கலாம். நிலம் பொதுநிலம்; பொருள் பெரும்பாலும் ஒரு செல்வருடையது; உழைப்பும் ஏறக்குறைய அவருடையதே; வாயில் மட்டும் இந்தியர்க்குத் திறந்தது. ஒரு தனியாளின் கைப்பொருள், ஒரு தன்னார்வக் கழகமாக உருவெடுத்து, பொதுநிலத்தின் பயனை அதுவரை பெறாதார்க்குப் பெற்றுத் தந்தது. இம்மூன்றையும் தனித்தனித் துறைகளாகப் பிரிப்பது கடினம் என்பது இதனாற் புலனாகும்.

புச்சிபாபு 1908-இல் மறைந்தார். இந்தியரும் ஐரோப்பியரும் எதிர்நின்று ஆடும் ஆட்டமொன்றிற்கு அவர் செய்திருந்த ஏற்பாடு அவர் மறைவுக்குப் பின்னரே நிறைவேறியது. அதுவே வளர்ந்து, பொங்கற்காலத்தில் ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் நடந்த மாகாணப் போட்டியாக 1952 வரை நிலைத்தது. அவர் பெயரால் 1909-இல் தொடங்கிய கோப்பைப் போட்டி பின்னரும் தொடர்ந்தது. ஆயினும் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். மட்டையும் உடையும் வாங்கும் அளவு செல்வமும், வேலியின் அருகே சென்று பேசும் அளவு செல்வாக்கும் உடைய ஒருவர் இருந்தமையாலேயே இம்முயற்சி கைகூடிற்று. அத்தகையார் இல்லாத பகுதிகளில் வாழ்ந்தோர் நிலை வேறு. அதனைப் பின்னர்க் காண்போம்.

மாநகராட்சியும் மக்கள் பூங்காவும்

பொதுத்துறையின் முயற்சிக்குத் தொடக்கமாகக் கொள்ளத்தக்கது மக்கள் பூங்கா. 1859-இல் ஆளுநராக வந்த சார்லசு டிரெவெலியன், நகர மக்கள் உலவுதற்கென 116 ஏக்கர் பரப்பில் பூங்காவொன்றை அமைக்கச் செய்தார். அதன் பராமரிப்பு நகராட்சியைச் சார்ந்தது. குளங்களும் நடைவழிகளும் விலங்குக் காட்சிசாலையும் அதனுள் இருந்தன. சாதி, இனம், உறுப்பினர் சந்தா எதனையும் கேளாத வாயிலுடைய பெரிய வெளி நகரத்தில் அதுவே எனலாம்.

அப்பூங்கா பொதுப்பயன் என்னும் பெயராலேயே சிறிது சிறிதாகக் குறைந்தது. விக்டோரியா பொதுக்கூடம், 1900-இல் மூர் அங்காடி, 1913-இல் ரிப்பன் மாளிகை என ஒவ்வொன்றாக அந்நிலத்தில் எழுந்தன. விளையாட்டுக் கழகத்திடலும் மாநகராட்சியின் விளையாட்டரங்கும் அந்நிலத்திலேயே அமைந்தன. காட்சிசாலை 1985-இல் வண்டலூருக்குச் சென்றது. தனியார் கவர்ந்ததனால் அன்று, பொதுக் கட்டடங்கள் பெருகியதனாலேயே அப்பூங்கா மறைந்தது. நிலம் அரசினுடையதாயிருத்தல் ஒன்றே அதனைக் காக்கப் போதாது என்பதற்கு இது தக்க சான்று.

எனினும் அங்கு எழுந்த மாநகராட்சி விளையாட்டரங்கு நகர வாழ்வில் பெரும்பங்கு கொண்டது. சேப்பாக்கத்தில் 1934-இல் தொடங்கிய டெஸ்ட் ஆட்டங்கள் 1952 வரை அங்கே நிகழ்ந்தன. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952 பிப்ரவரியில் இங்கிலாந்திற்கு எதிராகப் பெற்றதும் அத்திடலிலேயே. அதன் பின்னர், 1956 முதல் 1965 வரை சென்னையில் நடந்த 9 டெஸ்ட் ஆட்டங்களும் மாநகராட்சி அரங்கிலேயே ஆடப்பட்டன. அவ்வரிசையில் முதலாவதாகிய 1956 ஜனவரி ஆட்டத்தில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் இணைப்பிற்கு 413 ஓட்டங்கள் குவித்து உலகச் சாதனை படைத்தனர். அச்சாதனை அரை நூற்றாண்டிற்கு மேல் நிலைத்தது. கழகத்திடலை விட்டு நகராட்சித் திடலுக்குப் பேராட்டங்கள் சென்ற அப்பத்தாண்டுக் காலம், நகர மன்றமொன்று நாட்டின் முதன்மையான ஆட்டத்தைத் தன் நிலத்தில் ஏற்று நடத்த இயலும் என்பதைக் காட்டியது. 1967-இல் டெஸ்ட் ஆட்டம் மீண்டும் சேப்பாக்கம் சென்றது.

கல்விக்கூடமும் ஒய்.எம்.சி.ஏ.யும்

ஆடுகளம் நிலத்தால் மட்டும் அமைவதன்று. ஆட்டம் கற்பிப்பாரும் வேண்டும். இத்துறையில் தன்னார்வத்தொண்டு வேறொரு வடிவில் வந்தது. அமெரிக்கரான ஆரி குரோ பக் 1919-இல் சென்னை வந்தார், 1920-இல் ஒய்.எம்.சி.ஏ.யின் சார்பில் உடற்பயிற்சி ஆசிரியர்க்கெனப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பின்னாளில் நந்தனத்தில் அடையாற்றங்கரையில் பரந்த இடத்தில் கல்லூரியாக நிலைபெற்றது அப்பள்ளியே. 1924-இல் பாரிசு ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் பக் பணியாற்றினார். 1943-இல் அவர் மறைந்தார்.

இக்கல்லூரியின் சிறப்பு, அது திடல்களைத் தந்ததினும் ஆசிரியர்களைத் தந்ததே. அங்குப் பயின்றோர் பள்ளிதோறும் சென்று, ஆட்டத்தைப் பாடவேளையின் பகுதியாக்கினர். கூடைப்பந்து 1891-லும் கைப்பந்து 1895-லும் அமெரிக்காவில் மாசசூசெட்சு மாநிலத்து ஒய்.எம்.சி.ஏ. நிலையங்களில் உருவான ஆட்டங்கள். அவை இந்நாட்டிற் பரவியதற்கு அவ்வியக்கமே பெருங்காரணம். சிறிய இடமும் எளிய கருவியும் போதும் என்பதனால், பெருந்திடல் இல்லாத பள்ளிகளும் அவற்றை மேற்கொண்டன.

பள்ளி, கல்லூரித் திடல்கள் நகரத்தின் நிலவளத்துள் பெரும்பகுதி. மாநிலக் கல்லூரியின் மெரினாத் திடல், இலயோலாக் கல்லூரித் திடல், சேத்துப்பட்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பள்ளித் திடல் முதலியன அந்நிறுவன மாணவர்க்கேயன்றி நகர விளையாட்டிற்கும் துணைநின்றன. ஆனால் பள்ளி முடிந்த பின்னும் விடுமுறையிலும் இத்தகைய திடல்களுட் பல பூட்டிக் கிடக்கும். மந்தையும் ஏரியும் காலத்தாற் பகிரப்பட்ட பழைய முறை நகரத்தில் மறைந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நிலம் குறைந்த இடத்தில் வளர்ந்த ஆட்டங்கள்

இனி, கழகமும் கல்லூரியும் அருகிய வடசென்னையை நோக்குவோம். இங்கு ஒரு சிறு கணக்கு வேண்டப்படுகிறது. முன்னர்க் கூறிய 2,400 சதுர அடி மனையை அலகாகக் கொள்வோம். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடைய கால்பந்துக் களத்திற்கு ஏறத்தாழ 32 மனைகள் வேண்டும். 65 கெச ஆரமுடைய சிறிய கிரிக்கெட் வட்டத்திற்கே ஏறத்தாழ 50 மனைகள் வேண்டும். 24 மனை கொண்டது ஒரு காணி என்னும் சென்னைக் கணக்கில் இஃது இரண்டு காணிக்கு மேற்பட்டது. கூடைப்பந்துக் களம் இரண்டு மனைக்குள் அடங்கும். கைப்பந்துக் களம் ஒரே மனைக்குள் அடங்கும். பக்கம் 20 அடி கொண்ட குத்துச்சண்டை மேடைக்கு 400 சதுர அடி போதும். கேரம் பலகைக்கு வேண்டுவது ஒரு திண்ணையே.

வடசென்னை புகழ்பெற்ற ஆட்டங்களை இவ்வட்டவணையோடு ஒப்பிட்டால் உண்மை தெளிவாகும். இராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய பகுதிகளின் உழைக்கும் மக்கள் குத்துச்சண்டையைத் தமதாக்கிக்கொண்டனர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகள் ஆசான் வழியாகத் தொடர்ந்தன. பயிற்சி தெருவிலும் கூடத்திலும் நடக்கும். போட்டி கண்ணப்பர் திடல் போன்ற பொதுவிடத்தில் சீட்டு விற்று நடக்கும். பயிற்றுவோர் உழைப்புத் தன்னார்வம்; போட்டி நடத்துவோர் நோக்கம் வாணிகம்; இடம் பொது. கேரம் ஆட்டத்தில் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இருமுறை உலக வாகையராகி, 1996-ஆம் ஆண்டிற்குரிய அர்ச்சுனா விருது பெற்றார். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008-இல் உலக வாகை சூடினார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வடசென்னையின் காசிமா மூன்று பொற்பதக்கங்கள் வென்றார்.

இவ்வெற்றிகளை அப்பகுதி மக்களின் இயல்பான திறம் எனக் கூறி அமைதல் எளிது. திறம் உண்மையே. ஆயினும் அத்திறம் எவ்வாட்டத்தில் வெளிப்பட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நிலத்தின் அளவே முடிவு செய்தது. ஐம்பது மனை வேண்டும் ஆட்டம் நகரத்தின் தென்பகுதியிலும் திண்ணை வேண்டும் ஆட்டம் வடபகுதியிலும் வேரூன்றியது தற்செயலன்று. வியாசர்பாடியில் கால்பந்தும் தழைத்தது என்பது இதற்கு மாறாகாது. அங்கு மாநகராட்சித் திடல் ஒன்று கிடைத்தது. அப்பகுதியில் முன்னர் ஆடியவர்களே தன்னார்வ அமைப்பாகக் கூடிச் சிறுவர்க்குக் கட்டணமின்றிப் பயிற்சி தந்தனர். நிலம் கிடைத்த இடத்தில் ஆட்டமும் மாறியது.

அரசும் நிறுவனங்களும்

1992-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தோன்றியது முதல் மாநில அரசின் பங்கு பெருகியது. பழைய மாநகராட்சி அரங்கு இருந்த இடத்தில் சவகர்லால் நேரு விளையாட்டரங்கு 1993-இல் புதிதாகக் கட்டப்பட்டது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு அது களமாயிற்று. எழும்பூரில் மேயர் இராதாகிருட்டினன் அரங்கில் 1996-லும் 2005-லும் ஹாக்கி வாகையர் கோப்பைப் போட்டிகள் நடந்தன.

இக்காலத்தில் மூவரும் கூடி இயங்கியதற்கு நுங்கம்பாக்கம் டென்னிசு அரங்கு சிறந்த சான்று. அரங்கு ஆணையத்தினுடையது, 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் அங்கு நடந்த பன்னாட்டுப் போட்டியை ஏற்று நடத்தியது டென்னிசுச் சங்கம், செலவைத் தாங்கியவை தனியார் நிறுவனங்கள். 1987-இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் வேகப்பந்து வீச்சுப் பயிற்சியகம் ஒன்றைத் தொடங்கி, ஆசுதிரேலிய வீரர் டென்னிசு லில்லியைக் கொண்டு பயிற்சியளித்தது. அதற்குத் திடல் தந்தது முன்னர்க் குறித்த சேத்துப்பட்டுப் பள்ளி. இங்கும் பொருள் ஒருவருடையது, நிலம் மற்றொருவருடையது.

கூட்டுமுயற்சியில் உரிமை எல்லை தெளிவாக இல்லாதபோது இடர் விளைதலும் உண்டு. சேப்பாக்கத்தில் அரசு நிலத்தைக் குத்தகையாகப் பெற்ற தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம், 2011 உலகக் கோப்பையை ஒட்டி அரங்கைப் புதுப்பித்தது. புதிய பார்வையாளர் பகுதிகளுள் மூன்று, கட்டட அனுமதி குறித்த வழக்காற் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. பின்னரே சிக்கல் தீர்ந்து, அவை திறக்கப்பட்டன. கிண்டிப் பந்தயத்திடலின் நிலையோ வேறு. 1945-இல் 99 ஆண்டுக் குத்தகையாக அளிக்கப்பட்ட 160 ஏக்கர் நிலத்தை, வாடகை நிலுவை பற்றிய நீண்ட வழக்கின் பின், 2024 செப்டம்பரில் அரசு மீட்டுக்கொண்டது; அதன்மேலும் வழக்குகள் எழுந்தன. தொண்ணூற்றொன்பது ஆண்டு என்பது மூன்று தலைமுறை. அத்தனை காலம் ஒரு பொதுநிலத்தின் வாயிலை யார் காப்பது என்பதை ஒரு தாளிற் கையெழுத்து முடிவு செய்துவிடுகிறது.

2024-ஆம் ஆண்டுத் தீர்மானம்

அண்மைக் காலத்தில் நகரெங்கும் செயற்கைப் புல்தரையுடைய சிறுதிடல்கள் தோன்றின. ‘டர்ஃப்’ என வழங்கும் இவை, வலை சூழ்ந்து, இரவு விளக்கு அமைந்து, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுவன. வேலை முடிந்து இரவில் ஆட விரும்புவோர்க்கு இவை பெருந்துணை. வெற்றுமனை ஒன்று சில ஆண்டுகளேனும் ஆடுகளமாவது நன்றே. தம் நிலத்திற்குத் தனியார் கட்டணம் கேட்பதிற் குறைகூற இடமில்லை.

ஆனால், 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானம் வேறொரு வினாவை எழுப்பியது. மாநகராட்சிக்குச் சொந்தமான 9 செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விடவும், ஆடுவோரிடம் ஆளொன்றுக்கு மணிக்கு 120 ரூபாய் பெறவும் அது வழிசெய்தது. உடனே பல தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களுக்குள் மாநகராட்சி அம்முடிவைக் கைவிட்டது.

மாநகராட்சியின் நோக்கில் ஒரு நியாயம் இருந்ததை மறுத்தல் ஆகாது. செயற்கைப் புல் தேயும். விளக்கிற்கு மின்கட்டணம் உண்டு. காவலர்க்கு ஊதியம் வேண்டும். இலவசம் என விட்டுப் பராமரியாத திடல் சில ஆண்டுகளிற் பாழாகும். பாழானதை மீண்டும் அமைத்தலும் மக்கள் வரிப்பணமே. எனினும் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். நாள்தோறும் ஒரு மணி ஆடும் சிறுவன் மாதத்திற்கு 3,600 ரூபாய் தரவேண்டும். கட்டணமின்றிப் பயிற்சி தரும் தன்னார்வ அமைப்பு, இருபது சிறுவரை ஒரு மணி ஆடவிட 2,400 ரூபாய் தரவேண்டும். அவ்வமைப்பிடம் உழைப்பு உண்டு; பொருள் இல்லை. பொதுத்துறை தன் நிலத்தைத் தனியார் கட்டணத்தோடு பிணைக்குமிடத்து, இரண்டிற்கும் நடுவே நின்ற தன்னார்வ உழைப்பே முதலில் நசுங்கும்.

1888-இல் வேலி இனத்தால் அமைந்தது. 2024-இல் அமையவிருந்த வேலி கட்டணத்தால் ஆகியது. முன்னதற்கு விடைகாணப் புச்சிபாபு போன்ற செல்வர் ஒருவர் தேவைப்பட்டார். தம் கழகத்தை நிறுவ அவர்க்கு அருகிலேயே வேறொரு பொதுத்திடல் கிடைத்தது. பின்னதற்கு உள்ளாகவிருந்தோர்க்கு வேறு திடல் இருந்ததில்லை. ஆதலின் திடலைத் திறந்து வைக்குமாறு கேட்பதே அவர்க்கு எஞ்சிய வழியாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படும். சென்னையின் பெருந்திடல்கள் பல பொதுநிலத்தின் மேல் நிற்பன. தனியார் தந்தது பெரும்பாலும் பொருள். தன்னார்வலர் தந்தது உழைப்பும் பயிற்சியும். மூன்றுள் எதுவும் தனித்து ஆடுகளத்தை நிலைநிறுத்தவில்லை. அரசின் உடைமையாயினும் மக்கள் பூங்கா தேய்ந்தது. கழகத்தின் முயற்சியாயினும் சேப்பாக்கம் பலர்க்கு அடைத்திருந்தது. செல்வரின் கொடையாயினும் அது செல்வர் வாழ்ந்த பகுதியைச் சார்ந்தே பயன் தந்தது. ஆகவே, எத்துறை சிறந்தது என வாதிடுதலினும், ஒவ்வொரு திடலிலும் வாயிலின் உரிமை எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என ஆராய்தல் பயன்தரும். விளையாட்டு வரலாற்றை எழுதப் புகுவார் திறப்புவிழாக் கல்லைப் படிப்பதோடு நில்லாது குத்தகை ஆவணத்தையும் படித்தல் வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு நிலத்தை அறத்திற்கு விட்ட செய்தியைக் கூறுங்கால், கொடுத்தவர் பெயரோடு நில்லாது, நான்கெல்லை, அதன் விளைவு யார்க்குரியது, காப்பவர் யார் என்பனவற்றையும் விளங்கப் பொறித்துவைத்தனர். கூத்தர்க்கு விட்ட நிலம் கூத்தக்காணி எனப் பெயர்பெற்று, ஆடுவோர் வாழ வகைசெய்தது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியையும் தோட்டத்தையும் மேற்பார்க்க ஆண்டுதோறும் வாரியம் தெரிந்தெடுத்ததைக் கூறுகின்றன. வாரியத்தில் இடம்பெறும் தகுதி அக்காலத்தில் நிலமும் கல்வியும் உடைய சிலர்க்கே உரித்தாயிருந்தது. அக்குறையை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. ஆயினும், பொதுவாகிய நீரையும் நிலத்தையும் காப்பதற்கு அதனைப் பயன்கொள்வோருள் சிலரே குறித்த காலத்திற்குப் பொறுப்பேற்று, பின் கணக்குக் காட்டி விலகும் முறை அங்கு இருந்தது.

மாநகராட்சித் திடல் ஒவ்வொன்றிற்கும் இத்தகைய வாரியம் ஒன்று அமையுமாயின், அதில் அப்பகுதியின் பயிற்சியாளரும் பெற்றோரும் ஆடும் இளைஞரும் இடம்பெறுவர். செலவிற்குத் தனியார் பொருள் தரலாம். அதற்கு ஈடாக அவர் பெயரைப் பலகையில் எழுதலாம். இரவு விளக்கில் ஆடும் பணியாளரிடம் கட்டணம் பெற்று, மாலையிற் சிறுவரைக் கட்டணமின்றி ஆடவிடலாம். பள்ளித் திடல்களையும் விடுமுறையில் இவ்வாறே பகிரலாம். ஒரே நிலத்தைக் காலத்தாற் பகிர்ந்த மந்தையின் முறை இங்கு மீண்டும் பயன்படும். இவையெல்லாம் எழுதப்பட்ட விதிகளாக இருத்தல் வேண்டும். அதிகாரி மாறுந்தோறும் மாறும் வழக்கமாக இருத்தல் ஆகாது. எழுதிவைத்த உரிமையே நெடுங்காலம் குதிரைகளைக் காத்தது. அத்தகைய உறுதி, பந்தோடு திடலின் வாயிலில் வந்து நிற்கும் சிறுவர்க்கும் கிடைத்தல் வேண்டும்.